கலா ஓயாவில் கழற்றி எறிந்த கொப்பு

1936ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆந் திகதி, வியாழக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு எழும்பினேன். செபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொன்னேன். பாலில்லாத தேத்தண்ணீர் குடித்தேன். முதல்நாள் பின்னேரம் ஆற்றோரத்தில் அடித்த முளையில் நீர்மட்டம் பார்த்தேன். இரவில் நாலு அங்குலம் ஏறியிருந்தது. அதைக் குறித்தேன். ஏழு மணிக்குக் கூடாரத்தைக் கழற்றிக் கட்டினோம். என் வழக்கப்படி, எந்தத் தோணியில் எது ஏறுகிறது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அளவுகோல், எங்கள் துரையின் துவக்கு, என் கடதாசிப் பெட்டி ஆகியவை முதலாவது தோணியில். அரிசி, கருவாடு, மா, தேத்தண்ணீர்க் கேத்தல், கூடாரச் சீலை எல்லாம் இரண்டாவது தோணியில்.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் நேரத்தோடு இருக்கிறது. அன்று பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் நான் செய்த ஒரு காரியம் மட்டும் அதில் இல்லை. எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் காரியத்தால் ஓர் உயிர் போகப் பார்த்தது. சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தை நம் கோவில் சபையாருக்குச் சொல்ல வேண்டுமானால், அந்தக் காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். கற்பிட்டியில் பதினொரு வருடமாகச் சபையின் காரியதரிசியாக இருக்கிறேன். சீவியத்துக்கு அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை. வயது நாற்பத்தேழு. அந்த மாதம் எங்கள் கந்தோர்த் துரைக்கு ஓர் உத்தரவு வந்தது. காட்டில் வெட்டும் மரக்குற்றிகளை மாரி வெள்ளத்தில் கலா ஓயாவில் மிதக்கவிட்டுப் புத்தளம் களப்புக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அனுராதபுர வீதிப் பாலத்தடியில் தோணியில் ஏறி ஆற்றுமுகம் வரை வருவதற்கு ஏழு நாள். கல் எங்கே, சுழி எங்கே, ஆழம் எவ்வளவு என்று எழுதுவது என் வேலை.

வழிகாட்டி, கரைத்தீவு மீராசா. ஐம்பது வயது மதிக்கலாம். மெலிந்த உடம்பு. வெள்ளக் காலத்தில் அந்த ஆற்றில் இறங்கியவர் யார் என்று புத்தளத்தில் கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். துரையும் நானும் அவருடைய தோணியில். சாமான் தோணியை ஓட்டி வந்தவன் மனுவேல். என் மனைவி றெஜினாவின் தம்பி. கடலில் அவனுக்குத் தெரியாத காற்றில்லை. ஆனால் ஆறு புதிது. நான்தான் அவனை அழைத்தேன். அத்தான் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் அவன். கோவிலில் மூன்று ஞாயிறும் அவனுடைய கலியாண அறிவித்தல் வாசித்தாயிற்று. ஜனவரி 29ஆந் திகதி புதன்கிழமை கலியாணம்.

"கலியாணத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க அவனை ஏன் ஆத்துக்கு இழுக்கிறீங்க?" என்று றெஜினா கேட்டாள்.

"என்னோடதானே வாறான். நான் பாத்துக்கொள்ளுவன்" என்றேன்.

திங்கட்கிழமை இறங்கினோம். செவ்வாய்க்கிழமை, ஆறு கற்களுக்கூடாகப் பாயும் முதலாவது இடம் வந்தது. வெள்ளம் கற்களில் மோதி வெள்ளையாகக் கொதித்தது. பேசினால் கேட்காத இரைச்சல். மீராசா அதற்கு வெகு மேலேயே தோணியைக் கரையில் ஒதுக்கினார். இறங்கியதும் ஒரு மரத்தில் இலைக் கொப்பொன்றை முறித்து, தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த கிளையில் தொங்கவிட்டு, வாய்க்குள் ஏதோ சொன்னார். வன்னிக் காட்டுக்குப் போகிறவர்கள் ஐயனாருக்கென்று இப்படிக் கொப்புக் கட்டுவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நம் சுவாமியார் இதைப் பற்றிப் பிரசங்கத்தில் கண்டித்ததும் ஞாபகத்தில் இருந்தது.

"மீராசா நானா, உங்கட மார்க்கத்திலயும் இதுக்கு இடமில்லையே?" என்றேன்.

"நான் பிஸ்மி சொல்லித்தான் கட்டினேன் ஐயா" என்றார். "காட்டுக்குள்ள வந்தா காட்டு மரியாதை. துரையைக் கண்டா நீங்க தொப்பியைக் கழட்டுறீங்கல்லோ, அதுக்காகத் துரையைக் கும்பிடுறீங்க என்டு நான் சொன்னேனா?"

துரைக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். புகைக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு தோணியும் சேர்ந்து வரக்கூடாது என்பது மீராசாவின் கட்டளை. ஒன்று கல்லில் சிக்கினால் மற்றது அதன்மேல் ஏறிவிடும். ஆகையால் மனுவேல் எப்போதும் அரை மணி நேரம் பிந்தி வருவான். அன்றும் அப்படியே வந்து, சரியாக நாங்கள் ஒதுங்கிய இடத்தில் ஒதுங்கினான். இறங்கியவன் தானும் ஒரு சிறு கொப்பை முறித்து மீராசாவின் கொப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். நான் பார்த்துவிட்டேன்.

"என்னடா இது? இரண்டு கிழமையில பீடத்துக்கு முன்னால முழந்தாளிடப் போறவன் செய்யிற வேலையோ?"

"அத்தான், கொப்பு தானா மரத்தில நிண்டா பாவமில்லை, நான் எடுத்து மாட்டினா பாவமோ?"

"விளையாடாதை."

"விளையாட்டில்லை அத்தான். இது என்னத்துக்கு எண்டால்..."

"எனக்கு விளக்கம் வேண்டாம்" என்றேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு அரிசிச் சாக்கைத் தூக்கினான்.

அவன் சொல்ல வந்ததைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புதன்கிழமையும் இரண்டு இடத்தில் மீராசா கொப்புக் கட்டினார். இரண்டு இடத்திலும் மனுவேல் அங்குலம் பிசகாமல் அதே இடத்தில் கரை ஏறினான். நான் அதைக் கவனிக்கவில்லை. ஆற்றின் ஆழத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

வியாழன் பகல் ஒன்று நாற்பதுக்கு ஆறு முழுவதும் கருங்கல்லாய்ப் படிப்படியாக இறங்கும் ஓர் இடத்துக்கு வந்தோம். அதற்கு மேலே ஆற்றின் நடுவில் ஒரு மரத்திடல். அதனால் ஆறு இரண்டாகப் பிரிகிறது. இடது கிளை ஒடுக்கம். ஆனால் அந்தப் பக்கக் கரையில், திடலுக்குச் சற்று மேலேதான் ஒதுங்கலாம். ஒதுங்கி, காட்டுப் பாதையால் கால் மைல் நடந்து, வெறுந்தோணியைக் கயிற்றில் கட்டிக் கற்களுக்கூடாக இறக்கி, கீழே உள்ள மடுவில் மறுபடி ஏற வேண்டும். வலது கிளை அகலமானது. தெரியாதவன் அதைத்தான் நல்ல வழி என்று நினைப்பான்.

மீராசா ஒரு மருதமரத்தில் கொப்பைத் தொங்கவிட்டார். பிறகு அவரும் துரையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே போனார்கள். கடதாசிப் பெட்டியோடு நான் கடைசி. இன்னும் அரை மணியில் மனுவேல் வருவான். இதைக் கண்டு தானும் ஒன்று கட்டுவான். பாவத்துக்கு ஏதுவானதை அப்புறப்படுத்துவது என் கடமை என்று எண்ணினேன். பெட்டியைக் கீழே வைத்தேன். எட்டிப் பிடித்துக் கொப்பைக் கழற்றி ஆற்றில் எறிந்தேன். அது சுழன்று சுழன்று போனதைப் பார்த்துக்கொண்டும் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனதில் ஒரு திருப்தி இருந்தது.

இரண்டரைக்கு நாங்கள் மடுவில் இருந்தோம். மூன்று மணி. மூன்றே கால். மனுவேல் வரவில்லை.

மீராசா மூன்று தரம் எழும்பி எழும்பி மேலே பார்த்தார். பிறகு துரைக்குச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்: "பயப்பட வேணாம் என்டு சொல்லுங்க ஐயா. மாப்பிள்ளை கொப்பைத் தாண்டி வரமாட்டான். முதல் நாளே சொல்லி வச்சிருக்கேன். கொப்புத் தொங்குற இடத்தில ஒதுங்கு, கீழ கல்லு இருக்கு. கொப்பில்லாட்டி விட்டுக்கிட்டு வா. இதான் கணக்கு. மேல எங்கயோ சுணங்கிட்டான்."

இதை நான் துரைக்கு இங்கிலீசில் சொல்ல வேண்டும். சொல்லாமலே எழும்பிவிட்டேன். மனுவேல் எனக்குச் சொல்ல வந்தது இதுதான்.

"நான் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லி ஓடினேன். அந்தக் கால் மைலையும் ஓடியே போனேன். கரையில் தோணியில்லை. மணலில் எங்கள் காலடி மட்டும் இருந்தது. மருதமரத்துக் கிளை வெறுமையாக இருந்தது. "மனுவேல்! மனுவேல்!" என்று கூப்பிட்டேன். கல்லில் விழும் தண்ணீரின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் இன்னும் மேலேதான் நிற்கிறானோ, இனித்தான் வரப்போகிறானோ என்று ஒரு நம்பிக்கை. ஆகையால் ஒரு கொப்பை முறித்து அதே கிளையில் தொங்கவிட்டேன். அவனுக்காகத்தான் செய்தேன். ஆனால் கட்டி முடித்தபோது, நான் செய்தது இனி ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணமும் வந்தது. அந்த எண்ணத்தை நான் தள்ளிவிடவில்லை.

திரும்பி வந்தேன். "தோணியைக் காணவில்லை" என்றேன்.

"கொப்பு இருக்குதா?" என்று மீராசா கேட்டார்.

"இருக்குது" என்றேன்.

இரண்டு சொல்லும் உண்மை. இரண்டும் சேர்ந்து பொய். அந்தப் பொய்யை நம்பி மீராசா மேலே தேடப் புறப்பட்டார்.

அன்று இருட்டும் வரை இடது கரையோரம் ஆற்றுக்கு எதிராக நடந்தோம். முட்புதர். ஓரிடத்தில் யானை லத்தி இன்னும் ஆவி பறந்தது. ஒவ்வொரு வளைவிலும் மீராசா வாயில் கை குவித்து "ஊய்!" என்று கூப்பிடுவார், நின்று கேட்பார், தலையை ஆட்டுவார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று ஒவ்வொரு வளைவிலும் எனக்குள் கேட்டது. சொல்லவில்லை. அவன் மேலே இருந்தாலும் இருக்கலாமே என்று என்னைச் சமாதானப்படுத்தினேன். துரையின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று நினைத்தேன். சபைக்குத் தெரிந்தால் என்று நினைத்தேன். இவற்றையெல்லாம் நினைத்த நேரத்தில் அவன் எங்கே, எந்தத் தண்ணீரில் இருந்தானோ.

அன்றிரவு சாப்பாடு இல்லை. அரிசி அவன் தோணியில். நாட்குறிப்பை எடுத்தேன். "பி.ப. 1.40, இடது கரை ஒதுங்கினோம். பி.ப. 2.30, மடு." இடையில் ஒரு வரி விட்டு மூடினேன்.

17ஆந் திகதி வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி மேலே போனோம். மூன்று மைல். ஒன்றுமில்லை. ஒரு துடுப்புக்கூட இல்லை. பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். துரை தன் முடிவைச் சொன்னார். கையில் உணவில்லை. மூன்று பேரால் இந்தக் காட்டைத் தேட முடியாது. சனிக்கிழமை விடியற்காலை எலுவன்குளத்துக்கு இறங்கி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவோம். போக ஒரு நாள், ஆற்றுக்கு எதிராக வர இரண்டு நாள். மூன்று நாள் என்று அவர் விரல்களைக் காட்டினார். அது எங்கள் மூவருக்கும் விளங்கியது. மூன்று நாள் கழித்து நாங்கள் தேடி வருவது மனுவேலையல்ல, உடலை.

நான் தனியே ஒரு கல்லுக்குப் போய் முழந்தாளிட்டேன். மணி ஒன்று. செபமாலையை எடுத்தேன். தொலைந்ததைக் காட்டிக் கொடுக்கும் அந்தோனியாரை வேண்டினேன். தலவில அன்னம்மாளுக்கு ஆளுயர மெழுகுதிரி நேர்ந்தேன். "சர்வேசுரா, எங்கே தேடவேண்டும் என்று மீராசாவுக்குக் காட்டும், அவர் கண்ணைத் திறந்துவிடும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கண்ணீர் வந்தது. ஆனால் மனம் கல்லாகவே இருந்தது. பிறகு, செய்த பாவத்துக்கு மனம் வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஏழு வயதிலிருந்து சொல்லும் மந்திரம். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினேன். மறுபடி நின்றது. மூன்றாம் தரமும் அப்படியே.

தலையை நிமிர்த்தினேன். கொஞ்சத் தூரத்தில் மீராசா தன் துண்டைக் கல்லில் விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். முடிந்ததும் இரண்டு கையையும் ஏந்தி வெகுநேரம் இருந்தார். எழும்பி என் பக்கமாக வந்தார்.

"என்ன கேட்டீங்க நானா?" என்றேன்.

"வேற என்ன? மாப்பிள்ளைக்குத்தான் துஆ கேட்டேன்" என்றார். "ஜும்ஆத் தொழுகையும் தவறிப்போச்சு. கண்ணுக்கு முன்னால விட்ட பொடியனை எப்படித் தேடுறது என்டு எனக்கு விளங்கல்ல ஐயா. முப்பது வருசமா இந்த ஆத்துல வாரேன். எனக்கு இப்படி விளங்காமப் போனதில்ல."

அவர் கண்ணை நான் மறைத்து வைத்துக்கொண்டு, அதைத் திறந்துவிடும்படி சர்வேசுரனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் செபம் ஏன் நின்றது என்பது எனக்கு அந்த நிமிடத்தில் தெரிந்தது. பயம் விடவில்லை. ஆனால் வாய் திறந்தது. அது என் பெலத்தால் அல்ல என்று நான் இன்றும் சொல்வேன்.

"நானா, நேற்று நீங்க கட்டின கொப்பை நான் கழட்டி ஆத்தில எறிஞ்சிட்டன். இப்ப அங்க தொங்கிறது பின்னேரம் நான் கட்டினது."

"என்னத்துக்கு ஐயா?"

"பேய்க்குக் கட்டிறது எண்டு நினைச்சன். அது அடையாளம் எண்டு எனக்குத் தெரியாது."

அவர் அடித்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். அவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். நான் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எறிஞ்ச கொப்பு எந்தப் பக்கம் போச்சு?"

"வலது பக்கம்."

"கண்டீங்களா, சும்மா சொல்றீங்களா?"

"கண்டனான். முதல்ல நேரே போச்சு. திடலின்ர மூக்கில ஒருக்காச் சுழண்டுது. பிறகு வலது கிளைக்குள்ள இழுபட்டுது. எதிர்க்கரையில சாய்ஞ்சு நிக்கிற ரெண்டு மருதமரத்துக்கு நடுவால உள்ளுக்குப் போச்சு. திரும்பி வரேல்லை."

"உள்ளுக்கு? காட்டுப் பக்கமா?"

"ஓம்."

மீராசா என் கையைப் பிடித்து உலுக்கினார். "வில்லுக்குள்ள போயிருக்கான்!" என்றார். "அங்கால புல்லுப் பள்ளம் ஒன்டு இருக்கு. கோடையில மான் மேயும். இந்த வெள்ளத்தில ஆறு ஏறி அதை நிரப்பியிருக்கு. அங்க தண்ணி இழுக்காது ஐயா, நிக்கும். தோணி போனாலும் பிடிக்கிறதுக்கு மரம் இருக்கு. எழும்புங்க!"

"முதலை?" என்று கேட்டேன்.

"இருக்கும்" என்றார். "எழும்புங்க."

கால் மணிக்கு ஒரு தரம் துவக்கால் வெடி வைக்கும்படி துரையிடம் சொல்லிவிட்டு நானும் மீராசாவும் வெறுந்தோணியில் புறப்பட்டோம். மடுவைக் குறுக்கே கடந்து அரை மைல் கீழே போனால், அந்தப் பள்ளத்துத் தண்ணீர் திரும்ப ஆற்றில் விழும் வாய்க்கால் ஒன்று இருந்தது. அதற்குள் தோணியைத் திருப்பினார். இரண்டு பக்கமும் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. இரைச்சல் குறைந்துகொண்டே போனது. பிறகு சத்தமே இல்லை. அதுவரை இரைச்சலுக்குப் பயந்தவன், இப்போது அமைதிக்குப் பயந்தேன். வேர்கள் குறுக்கே வந்த இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. "நான் கால் வைக்கிற இடத்திலயே வையுங்க" என்று சொல்லி, கம்பால் தண்ணீரை அடித்துக்கொண்டு மீராசா முன்னே போனார். என் வாயில் செபம் வந்தது. மனஸ்தாப மந்திரத்தைக் கடைசிவரை தடங்காமல் சொன்னேன்.

மூன்று மணிக்குத் துரையின் வெடி தூரத்தில் கேட்டது. அதற்குப் பதில் சொல்வது போல, இடது பக்கமாக, "டங், டங்" என்று ஒரு சத்தம்.

"கேத்தல்!" என்றேன். சாமான் எழுதியவனுக்கு அது தெரியும்.

நீரில் பாதி மூழ்கி நின்ற நாவல் மரமொன்றின் கவட்டில் மனுவேல் இருந்தான். உடுத்திருந்த சாரத்தால் தன்னைக் கிளையோடு கட்டியிருந்தான். ஒரு கையில் கேத்தல், மறு கையில் அதன் மூடி. முகம், கழுத்து, முதுகெல்லாம் முசுறு எறும்பு கடித்து வீங்கியிருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே பிளந்து, கால் மரம்போலத் தடித்திருந்தது. இருபத்தைந்து மணி நேரம் அப்படி இருந்திருக்கிறான். பெரிய தண்ணீர் இழுத்த இழுப்பில் கல்லில் மோதித் தோணி பிளந்து, அந்த இரண்டு மருதமரத்துக்கு நடுவால் உள்ளே வீசப்பட்டிருக்கிறான்.

"பாத்து வாங்க அத்தான்" என்றான். குரல் உடைந்திருந்தது. "காலமையிலயிருந்து ஒருத்தர் கீழ கிடந்து என்னையே பாத்துக்கொண்டிருந்தவர். வெடிச் சத்தத்துக்குத்தான் எழும்பிப் போனவர்."

மீராசா மரத்தில் ஏறி முடிச்சை அவிழ்த்து அவனைத் தோளில் இறக்கினார். தோணியில் கிடத்தினோம். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு கொதித்தது. அழுவதற்குப் பதிலாக நான் அவன் முதுகிலிருந்த முசுறுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

பாதி வழியில் அவன் மீராசாவைப் பார்த்தான்.

"கொப்பைக் கட்ட மறந்திட்டீங்களே நானா. நான் பாத்துப் பாத்துத்தான் வந்தனான். கொப்பில்லை எண்டுதான் பெரிய பக்கத்தால விட்டனான். கலியாணத்துக்குப் போறவனைக் கபுறுக்குழிக்கு அனுப்பப் பாத்தீங்களே! நீங்களெல்லாம் ஒரு வழிகாட்டியோ?"

தொடங்கியவன் நிறுத்தவில்லை. வலியும் பயமும் எல்லாம் ஏச்சாக வந்தது. அவருடைய வயதையும் பார்க்காமல் ஏசினான்.

மீராசா கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஓம் மாப்பிள்ளை. வயசு போச்சு. மறந்துட்டேன். மன்னிச்சுக்க."

நான் வாய் திறந்தேன். மீராசா தலையை அசைத்தார். நோய்க்காரனிடம் இப்போது கதை வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். நானும் அதைச் சாட்டாக எடுத்துக்கொண்டு மறுபடி பேசாமல் இருந்தேன். இரண்டு நாளில் இரண்டாம் தரம்.

சகோதரரே, மனுவேல் பிழைத்தான். எலுவன்குளத்து வைத்தியர் கட்டிய மருந்தில் கால் தேறியது. 29ஆந் திகதி பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட முடியாமல் நின்றபடியே கலியாணம் செய்தான். நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நேர்ந்த மெழுகுதிரியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றும் நான் கொப்புக் கட்டுவதில்லை. ஆனால் ஒருவன் ஒன்றைச் செய்யும்போது, அது என்னத்துக்கு என்று கேட்காமல் அதில் கைவைப்பதில்லை. நாட்குறிப்பிலும் ஒரு வரிக்கு இடம் விட்டு மூடுவதில்லை.

நீங்களும் செபியுங்கள். சர்வேசுரன் கேட்கிறார், எனக்குக் கேட்டார். உங்கள் செபம் ஓர் இடத்தில் தடங்கி நின்றால், மனம் தளர்ந்து எழும்பிப் போகாதீர்கள். அங்கேயே நின்று, ஏன் நிற்கிறது என்று அவரையே கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டினதைப் பயந்து பயந்தாவது செய்யுங்கள். அதற்குள்தான் நீங்கள் கேட்ட உதவி இருக்கும்.

மனுவேலைக் கண்டுபிடித்த மறுநாள், 18ஆந் திகதி, சனிக்கிழமை காலை, மடுவருகே ஐந்தரைக்கு எழும்பினேன். செபமாலையை எடுக்கவில்லை. நீர்மட்டமும் பார்க்கவில்லை. முதலில் மனுவேல் படுத்திருந்த இடத்துக்குப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. கண் விழித்திருந்தான். பக்கத்தில் குந்தி, வியாழக்கிழமை பகல் ஒன்று நாற்பதிலிருந்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். கொப்பைக் கழற்றியது, எறிந்தது, திரும்பக் கட்டியது, இருக்குது என்று சொன்னது, நேற்றுத் தோணியில் பேசாமல் இருந்தது, எல்லாம்.

என்னை ஏசுவான் என்று காத்திருந்தேன்.

"அப்ப நேற்று நான் நானாவை ஏசினதெல்லாம்?" என்று கேட்டான்.

"பிடியுங்க அத்தான்" என்று கையை நீட்டினான். என் தோளில் பாரத்தைப் போட்டு, நல்ல காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினான். ஆற்றோரத்தில் மீராசா குனிந்து தோணிக்குள் நின்ற தண்ணீரைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் அவரிடம் நடந்தோம்.